புதுச்சேரிக் கடற்கரைப் பயணம்

புதுச்சேரிக் கடற்கரை என்பது வங்காள விரிகுடாவை ஒட்டிப் புதுச்சேரி நகரிலும் அதன் வடக்கு, தெற்குப் புறங்களிலும் அமைந்துள்ள கடற்கரைப் பகுதிகளைக் குறிக்கும். சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலும், விழுப்புரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலும் உள்ளது. திண்டிவனத்திலிருந்தும் ஏறக்குறைய இதே தொலைவுதான். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி ஆகிய ஊர்களுக்கும், காணை ஒன்றியத்தைச் சேர்ந்த கெடார் போன்ற உள்நாட்டுச் சிற்றூர்களுக்கும் ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய கடற்கரை நகரம் இது. வெளி மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் சுற்றுலாப் பயணிகள் பெருமளவில் வருகின்றனர்.

ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியோர் கடலையும் அவ்வாறே எண்ணி இறங்குவதால் இங்கு உயிரிழப்புகள் நிகழ்ந்துள்ளன. எனவே முதன்முறையாக வருவோர் அறிந்திருக்க வேண்டிய வழி, தங்குமிடம், பருவகாலம் ஆகியவற்றுடன், எந்தக் கரையில் கடல் எவ்வாறு இருக்கும் என்பதும் இக்கட்டுரையில் விரிவாகத் தரப்படுகிறது.

கரையின் பகுதிகள்

புதுச்சேரிக் கடற்கரை என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும் அது ஒரே கரை அன்று. நகரின் நடுவே காந்தி சிலையை ஒட்டி அமைந்துள்ள கற்கரையே படங்களில் பெரிதும் காணப்படுவது. இதனை ஒட்டிய சாலை கூபேர் சாலை எனவும் கடற்கரைச் சாலை எனவும் அழைக்கப்படுகிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. சிலைக்கு அருகில் 1836 ஆம் ஆண்டு முதல் ஒளிர்ந்த பழைய கலங்கரை விளக்கமும், முதல் உலகப் போரில் இறந்தோருக்காகப் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய நினைவுச் சின்னமும் உள்ளன.

நகருக்கு வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் ஆகிய ஊர்களின் கரைகள் உள்ளன. விடுதி விளம்பரங்களில் "செரினிட்டி கடற்கரை" என்று குறிப்பிடப்படுவது தந்திராயன்குப்பத்தின் கரையே. இவ்வூர்கள் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. புதுச்சேரிக்கு வந்துவிட்டதாக எண்ணி இங்கு தங்குவோர் பலர், தாம் தமிழ்நாட்டில் இருப்பதை அறிவதில்லை. இதன் விளைவுகள் கீழே தனியே கூறப்பட்டுள்ளன.

நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் உள்ளது. அதற்கும் தெற்கே வீராம்பட்டினம், சின்ன வீராம்பட்டினம் ஆகிய மீனவ ஊர்கள் அமைந்துள்ளன. சின்ன வீராம்பட்டினத்திலுள்ள ஈடன் கடற்கரை 2021 ஆம் ஆண்டு பன்னாட்டு நீலக்கொடிச் சான்றிதழைப் பெற்றது. அதற்கு அப்பால் சுண்ணாம்பாற்றின் முகத்துவாரத்தில் "பாரடைஸ்" கடற்கரை எனப்படும் மணல்திட்டு உள்ளது. கடலூர்ச் சாலையில் நோணாங்குப்பத்திலுள்ள படகுக் குழாமிலிருந்து படகில் அங்கு செல்லலாம்.

மணல் இழப்பு

நகரின் முன்னே மணல் இல்லாமல் கருங்கற்கள் குவிந்திருப்பதைக் கண்டு முதன்முறை வருவோர் ஏமாற்றமடைவதுண்டு. இக்கரை தொடக்கம் முதல் இவ்வாறு இருந்ததில்லை. முன்பு இங்கு அகன்ற மணற்கரை இருந்ததை நகரின் முதியோர் நினைவு கூர்வர்.

இந்தியாவின் கிழக்குக் கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்திச் செல்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் இந்நகர்வு எதிர்த்திசையில் சிறிதளவு நிகழ்கிறது. 1986 முதல் 1989 வரையிலான காலத்தில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்திற்காக அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் கட்டப்பட்டன. வடக்கு நோக்கி வந்த மணல் இச்சுவர்களின் தெற்கே தேங்கியது. வடக்கே இருந்த கரைக்குப் புதிய மணல் வந்து சேரவில்லை. ஆனால் அலைகள் அங்கிருந்த மணலை எப்போதும்போல் எடுத்துச் சென்றன. தெற்கில் தேங்கும் மணலை வடக்கே கொண்டு சேர்க்கும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தபோதிலும் அது தொடர்ந்து நடைபெறவில்லை. சில ஆண்டுகளில் நகரின் முன்னிருந்த மணற்கரை மறைந்தது.

நகரைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டன. கற்கள் முடியும் இடத்திற்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. பின்னர் அங்கும் கற்கள் கொட்டப்பட்டன. அரிப்பு மேலும் வடக்கே சென்றது. இவ்வாறு விழுப்புரம் மாவட்டக் கரையிலுள்ள மீனவ ஊர்களில் வீடுகளும், வலை உலர்த்தும் இடங்களும், படகு நிறுத்தும் மணற்பரப்பும் கடலுக்குள் சென்றன. அங்கெல்லாம் இப்போது தூண்டில் வளைவுகள் எனப்படும் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டிக் கட்டப்பட்டுள்ளன.

2018 ஆம் ஆண்டளவில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்திற்கு அருகே நீருக்கடியில் எஃகாலான ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்று இறக்கப்பட்டது. துறைமுகத்தில் தூர்வாரிய மணலும் கொட்டப்பட்டது. இதன் பின் காந்தி சிலைக்கு வடக்கே சிறிதளவு மணற்கரை மீண்டும் உருவானது. மணல் உள்ளதால் அங்கு குளிக்கலாம் என்று பொருளன்று.

பயணிக்கு இவ்வரலாறு தேவையா என்ற கேள்வி எழலாம். கற்சுவரும் தூண்டில் வளைவும் உள்ள கரையில் நீரோட்டம் இயல்பான மணற்கரையில் உள்ளது போல் இராது. கற்கள் எங்கே உள்ளன, எதற்காகப் போடப்பட்டன என்று அறிந்தவர் அவற்றின் அருகே கடலில் இறங்கமாட்டார்.

வந்து சேரும் வழிகள்

விழுப்புரத்திலிருந்து தொடர்வண்டியிலும் பேருந்திலும் வரலாம். விழுப்புரம் - புதுச்சேரி இருப்புப்பாதை 1879 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வளவனூர், சின்னபாபு சமுத்திரம், வில்லியனூர் வழியாக இப்பாதை செல்கிறது. வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. ஆனால் கட்டணமும் மிகக் குறைவு. புதுச்சேரி நிலையம் தூய இருதய ஆண்டவர் பேராலயத்திற்கு எதிரே, கடற்கரையின் தென்கோடியிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளது. குழந்தைகளுடன் வருவோர்க்கு வண்டி நேரம் ஒத்துவருமாயின் இதுவே சிறந்த வழி.

பேருந்துகள் பகல் முழுவதும் அடிக்கடி உள்ளன. விழுப்புரத்திலிருந்து வரும் சாலை ஒரு வேடிக்கையான சாலை ஆகும். வளவனூர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. கண்டமங்கலம் மீண்டும் தமிழ்நாடு. அரியூரும் வில்லியனூரும் மீண்டும் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சிப் பகுதி ஒரே நிலமாக இல்லாமல் சிதறிக் கிடந்ததன் எச்சமே இது. பேருந்தில் அமர்ந்திருப்போர் கடைப் பலகைகளைக் கொண்டே எல்லை மாறுவதை அறியலாம்.

கெடார், கண்டாச்சிபுரம் முதலிய ஊர்களிலிருந்து வருவோர் விழுப்புரத்தில் வண்டி மாறுவதே வழக்கம். திண்டிவனத்திலிருந்து கிளியனூர் வழியாக வரும் சாலை கோரிமேட்டில் நகருக்குள் நுழைகிறது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், மரக்காணம் வழியாக வருவோர் கோட்டக்குப்பம் வழியாக நுழைவர். இச்சாலையில் மரக்காணத்தின் உப்பளங்களைக் காணலாம். வடக்குக் கரை விடுதிகளில் தங்குவோர் நகருக்குள் வராமல் கோட்டக்குப்பத்திற்கு முன்பே இறங்கிக்கொள்வது நலம். வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கு ஏற்ற வானூர்தி நிலையம் சென்னையே. புதுச்சேரி இலாசுப்பேட்டையிலும் ஒரு சிறு நிலையம் உண்டு. அங்கு சேவைகள் தொடங்குவதும் நிற்பதுமாக இருந்துவந்துள்ளன.

பேருந்து நிலையம் மறைமலை அடிகள் சாலையில், கடற்கரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை கி.மீ. மேற்கே உள்ளது. தானிகளில் கட்டணத்தை ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பகிர்ந்து செல்லும் தானிகளில் செலவு குறையும். சுமை இல்லாதோர் நடந்தே செல்லலாம். வழி தவற வாய்ப்பில்லை. பழைய நகரம் கட்டம் கட்டமாக அமைக்கப்பட்டது. கிழக்கு நோக்கிச் செல்லும் எந்தத் தெருவும் கடலில் சென்று முடியும். வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்காலைக் கடந்தால் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி தொடங்கும்.

வந்து இறங்கிய பின்

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வண்டிகள் அனுமதிக்கப்படுவதில்லை. அச்சாலையிலுள்ள விடுதிகளில் தங்குவோர் பெட்டிகளுடன் மாலையில் வந்து சேர்ந்தால் குறுக்குத் தெருவில் இறங்கி நடக்க நேரிடும். வார இறுதியிலும் ஆண்டு இறுதியிலும் நகரின் கிழக்குப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. புத்தாண்டு இரவில் காவல்துறையினர் இப்பகுதி முழுவதற்கும் போக்குவரத்துக் கட்டுப்பாடு விதிக்கின்றனர். அன்றிரவு அறை முன்பதிவு இன்றி வருவது வீண் முயற்சி.

விடுதிகளில் ஒளிப்பட அடையாள அட்டை கட்டாயம். வெளிநாட்டினரிடம் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் கேட்கப்படும். அரவிந்தர் ஆசிரமத்தின் விருந்தினர் இல்லங்கள் கடலை ஒட்டியும் குறைந்த கட்டணத்திலும் உள்ளன. ஆனால் அங்கு மதுவும் புகையும் கூடாது. இரவில் குறித்த நேரத்தில் வாயில் மூடப்படும். இரவு நெடுநேரம் வெளியே இருக்க விரும்புவோர்க்கு அவை பொருந்தா.

இக்கரை கிழக்கு நோக்கியது. எனவே கதிரவன் கடலில் எழுவதைக் காணலாம். கடலில் மறைவதைக் காண இயலாது. மேற்குக் கரை நகரங்களின் படங்களைப் பார்த்துவிட்டு மாலையில் காத்திருப்போர் இங்கு உண்டு. விடியற்காலையில் வருவதே இக்கரையின் முழுப்பயனைத் தரும். கூட்டம் இராது; வெயிலும் இராது; மீனவர் கட்டுமரங்களும் கண்ணாடியிழைப் படகுகளும் கரை திரும்புவதைத் தெற்கு, வடக்குக் கரைகளில் காணலாம்.

கடலில் இறங்குதல்

நகரின் கற்கரையில் குளித்தல் கூடாது. கற்கள் பாசி படிந்து வழுக்குவன. கற்களுக்கிடையே ஆழமான இடுக்குகள் உள்ளன. படம் எடுப்பதற்காகக் கற்களின் மேல் ஏறி நிற்போரைப் பேரலை ஒன்று கீழே தள்ளினால் அவர் நீரில் மூழ்குவதற்கு முன்பே கல்லில் மோதிக் காயமடைவார்.

மணற்கரைகளில் உள்ள பேராபத்து இழுவை நீரோட்டம் ஆகும். அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மணல்மேடுகள் இருந்தால், அம்மேடுகளுக்கிடையே உள்ள குறுகிய வழியாக இந்நீர் விரைந்து வெளியேறும். தூண்டில் வளைவு, அலைதடுப்புச் சுவர் ஆகியவற்றின் ஓரத்திலும் ஆற்று முகத்துவாரங்களிலும் இது பெரும்பாலும் காணப்படும். இந்நீரோட்டம் ஆளை நீருக்குள் அமிழ்த்துவதில்லை; கரையிலிருந்து அப்பால் கொண்டு செல்கிறது. கரையை நோக்கி எதிர்நீச்சலடித்துக் களைத்துப் போவதாலேயே பெரும்பாலோர் மூழ்குகின்றனர்.

இதன் தோற்றம் ஏமாற்றக்கூடியது. இருபுறமும் அலைகள் வெண்ணுரையுடன் உடையும்போது நடுவில் மட்டும் நீர் அமைதியாகவும் கருமையாகவும் தெரிந்தால் அதுவே நீரோட்டத்தின் வழியாக இருக்கலாம். புதிதாக வருவோர் அலையில்லாத இடம் என்று அதனையே தேர்ந்தெடுக்கின்றனர். இறங்கும் முன் கரையில் பத்து நிமிடம் நின்று நீரைப் பார்ப்பதும், அவ்வூர் மீனவர் ஒருவரைக் கேட்பதும் மிகுந்த பயன் தரும். மணல்மேடுகள் இடம் மாறுவன. சென்ற ஆண்டு பாதுகாப்பாக இருந்த இடம் இவ்வாண்டும் அவ்வாறே இருக்கும் என்று கொள்ள இயலாது.

நீரோட்டத்தில் சிக்கியவர் அதனை எதிர்த்து நீந்தலாகாது. மல்லாந்து மிதந்து மூச்சைச் சீர்செய்து, ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தோர் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை குறைந்தபின் அலைகளோடு சாய்வாகக் கரை திரும்பலாம். ஆனால் கற்சுவரின் ஓரத்தில் சிக்கியவர் சுவரை நோக்கி நீந்தக்கூடாது. அதற்கு எதிர்ப்புறமாகவே விலக வேண்டும்.

மூழ்குபவரைக் காக்க ஒருவர் பின் ஒருவராக இறங்கிக் குடும்பமே இழக்கப்படுவது தமிழகக் கரைகளில் மீண்டும் மீண்டும் செய்தியாக வருகிறது. வெறுங்கையுடன் இறங்குதல் கூடாது. மூடியுள்ள வெற்றுத் தண்ணீர்க் குடுவை, காற்றடைத்த வண்டிக் குழாய், கயிறு, சேலை என மிதப்பதும் எட்டுவதுமான எதையேனும் எறிந்து, உயிர்காப்பாளரையும் மீனவரையும் அழைக்க வேண்டும். அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, கடலோரக் காவல் குழுமத்திற்கு 1093 ஆகிய எண்கள் உள்ளன.

வானம் தெளிவாக இருக்கும்போதும் கடல் பொங்குவதுண்டு. தொலைவில், சில வேளைகளில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், எழும் புயலின் அலைகள் பல நாட்கள் பயணம் செய்து நம் கரையை அடைகின்றன. இது "கள்ளக்கடல்" எனப்படும். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை விடுக்கிறது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தபோது இத்தகைய எச்சரிக்கை நடைமுறையில் இருந்தது. புறப்படும் நாளின் காலையில் இவ்வெச்சரிக்கை உள்ளதா எனப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

நீரில் இறங்கியே ஆக வேண்டும் என்போர்க்கு உயிர்காப்பாளர் பணியில் உள்ள கரையே ஏற்றது. அப்போதும் பகல் வேளையில் மட்டும், முழங்கால் அளவைத் தாண்டாமல் இருத்தல் நலம். மது அருந்தியவர் இறங்கவே கூடாது. "பாரடைஸ்" கடற்கரைக்குச் செல்வோர், அது ஆற்று முகத்துவாரம் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் இறங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சொறி மீன் எனப்படும் கூழ்மீன்கள் சில மாதங்களில் கரை ஒதுங்கும். இறந்து கிடப்பதையும் தொடலாகாது. பட்ட இடத்தைத் தேய்க்காமல் கடல்நீரால் கழுவி, வலி மிகுந்தால் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை கடற்கரைக்கு அருகிலேயே உள்ளது. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உள்ளது.

பருவகாலம்

சனவரி முதல் மார்ச்சு வரை இங்கு வருவதற்கு ஏற்ற காலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று வீசத் தொடங்கியதும் வெப்பம் தணியும். காற்று நுழையாத நாட்களில் புழுக்கம் மிகும்.

அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது. அடுத்த நாட்களில் விக்கிரவாண்டி அருகே இருப்புப்பாதைப் பாலத்தில் வெள்ளம் உயர்ந்ததால் தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. விழுப்புரம் மாவட்டத்தில் சாலைகளும் துண்டிக்கப்பட்டன. கடற்கரையில் புயல் ஓய்ந்த பின்னும் ஊர் திரும்பும் வழி அடைபட்டிருக்கலாம் என்பது இதனால் விளங்கும். இக்காலத்தில் வருவோர் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைச் செய்திகளில் கவனிக்க வேண்டும்.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கற்சுவர் இருந்ததால் நகரின் உட்பகுதி பெருஞ்சேதத்திலிருந்து தப்பியது. வடக்கிலும் தெற்கிலும் இருந்த மீனவ ஊர்கள் அவ்வாறு தப்பவில்லை. கடல் திடீரெனப் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்க நில்லாமல் மேட்டுநிலத்தை நோக்கி ஓட வேண்டும்.

மாநில எல்லை

புதுச்சேரி ஓர் ஒன்றியப் பகுதி. மதுவின் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதால் வாங்கி எடுத்துச் செல்வோர் உண்டு. அதனைத் தமிழ்நாட்டிற்குள் கொண்டு செல்வது மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். சோதனைச் சாவடிகளில் பேருந்துகளும் சோதிக்கப்படுகின்றன. வடக்குக் கரை விடுதிகளில் தங்குவோர், நகரில் வாங்கிய புட்டியுடன் கோட்டக்குப்பத்திற்குள் நுழைந்தாலே எல்லையைக் கடந்தவராவர்.

வாடகை ஈருருளி எடுப்போர் கரும்பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டியையே எடுக்க வேண்டும். வெள்ளைப் பலகை கொண்ட தனியார் வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் காப்பீடும் கிடைக்காமல் போகலாம். ஓட்டுநர் உரிமமும், இருவருக்கும் தலைக்கவசமும் தேவை. நகருக்குள் சுற்றுவதற்கு மிதிவண்டியே போதும். ஆரோவில் செல்லும் சாலையில் லாரிகள் மிகுதியாதலால் மிதிவண்டியில் செல்வோர் இருட்டும் முன் திரும்பிவிடுவது நல்லது.

பொருள் தொலைந்தால் எந்தக் காவல் நிலையத்திற்குச் செல்வது என்பதும் தொலைந்த இடத்தைப் பொறுத்ததே. தந்திராயன்குப்பம் கரையில் தொலைந்ததற்குப் புதுச்சேரிக் காவல் நிலையத்தில் முறையிட்டால் கோட்டக்குப்பம் காவல் நிலையத்திற்குத் திருப்பி அனுப்பக்கூடும்.